‘சபாபதி’ (1941): இரட்டையர் நகைச்சுவையும் மதிப்பீட்டுச் சிக்கலும்

முன்னுரை

பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’ நாடகம் 1941ஆம் ஆண்டு ஏ.வி.மெய்யப்பன், ஏ.டி.கிருஷ்ணசாமி ஆகியோரின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. செல்வர் வீட்டு மகனாக டி.ஆர்.இராமச்சந்திரனும் வேலைக்காரனாகக் காளி என்.இரத்தினமும் நடித்தனர். இருவர் பெயரும் சபாபதியே. மக்களிடம் பெருவெற்றி பெற்ற இப்படத்தைச் சிரிப்புத் துணுக்குகளின் கோவை எனக் குறைத்தும், நகைச்சுவைப் படங்களின் முன்னோடி என உயர்த்தியும் மதிப்பிட இடமுண்டு. இம்முரணின் அடிப்படையை இக்கட்டுரை விளக்குகிறது.

பேதைமையும் மடனும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் பேதைமையையும் மடனையும் தனித்தனியே வைக்கிறது. பேதைமை அறிவின்மை, மடன் பிறர் கொளுத்தியதைப் பற்றிக்கொண்டு விடாமை என்பர் உரையாசிரியர். தேர்வில் தேறாத தலைவன் முன்னதற்கும், ஏவலின் சொல்லைப் பற்றிக் கருத்தை விட்டுவிடும் வேலைக்காரன் பின்னதற்கும் சான்றாவர். ஆதலின் இரட்டையரின் நகை ஒன்றன் மறுபதிப்பன்று; ஒன்றையொன்று தூண்டுவது. உடலசைவை மிகுத்துக் காட்டும் சிரிப்பு என்று மட்டும் காண்போர்க்கு இவ்வமைப்புப் புலப்படுவதில்லை.

பெயரும் படிநிலையும்

சபாபதி, சிவகாமி என்பன தில்லைக் கோயில் சார்ந்த பெயர்கள். நெல்லிக்குப்பம், கடலூர், சிதம்பரம் வட்டாரத்தார்க்கு நன்கு பழகியவை. பெயர் ஒன்றாயிருக்க, தலைவனையும் ஏவலனையும் பிரித்துக் காட்டுவன ‘முதலியார்’ என்னும் பின்னொட்டும் விளிமுறையுமே. இருவரும் அறிவில் குறைந்தோராயினும் ஒருவனே ஏவுகிறான். படிநிலை அறிவால் அமைந்ததன்று என்பதை இவ்வமைப்பு உணர்த்துகிறது. கற்ற மனைவி சிவகாமி கணவனுக்குக் கற்பிப்பதும் இத்தலைகீழாக்கத்தின் பகுதியே.

தமிழாசிரியர் சித்திரிப்பு

கே.சாரங்கபாணி ஏற்ற தமிழாசிரியர் பாத்திரம் மாணவரின் எள்ளலுக்கு உள்ளாகிறது. அதே 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடி, இசைமேடையில் தமிழுக்குரிய இடத்தைக் கோரியது. திரையிலோ தமிழ் கற்பிப்பவர் நகைப்பொருளானார். ஆங்கிலக் கல்வி மேலோங்கிய சூழலில் தமிழாசிரியர்க்கிருந்த தாழ்நிலையை இக்காட்சிகள் பதிவுசெய்கின்றன. எனினும் அந்நிலையைக் கேள்விக்குட்படுத்துவதில்லை. செல்வனையும் ஏவலனையும் ஒரே தட்டில் நிறுத்திய எள்ளல், இங்கு வலிமை குன்றியவர்மீதே பாய்கிறது.

முடிவுரை

படத்தின் ஆற்றலும் குறையும் எள்ளல் என்னும் ஒரே கருவியிலிருந்து பிறக்கின்றன. அக்கருவி மேல்நோக்கிச் செல்லும்போது படிநிலை குலைகிறது. கீழ்நோக்கிச் செல்லும்போது நிலைபெறுகிறது. யார் யாரை எள்ளுகின்றனர் என வினவாமல் நகைச்சுவைப் படத்தை முழுதாகப் போற்றுவதும் முழுதாக விலக்குவதும் நிறைவான திறனாய்வாகா.