ஒரு சுவர் போதும்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். புது ஃப்ளாட்டுக்குக் குடிபோனவர்கள் முதலில் பெட்டி பிரிக்கிறார்கள். அப்புறம் கேஸ், வைஃபை என்று அலைகிறார்கள். எல்லாம் அடங்கி ஒரு நாள் சோபாவில் சாய்ந்து எதிரே பார்க்கும்போதுதான் சுவர் மொட்டையாக இருப்பது உறைக்கிறது. உடனே போனை எடுத்து நாலு சின்ன பிரேம், ஒரு மரக்கிளை ஸ்டிக்கர், ஒரு நூல் தொங்கல் என்று ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். ஒதுக்கி வைத்த பணம் அதிலேயே கரைந்துவிடும். சுவர் மட்டும் அப்படியேதான் இருக்கும்.

என் அண்ணன் மகள் மேடவாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறாள். “அத்தை, 2,000 ரூபாய்க்குள்ள ஹாலை ஏதாவது பண்ண முடியுமா?” என்று கேட்டாள். “ஹாலை விடு, ஒரே ஒரு சுவரை எடுத்துக்கோ. அதுல ஒரே ஒரு பெரிய பொருளை மாட்டு” என்றேன். பட்ஜெட் இறுக்கமாக இருக்கும் யாருக்கும் நான் சொல்வது இதுதான். காரணம் ரசனை மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது.

பிரேம் கடையில் பீடிங்கை அடிக்கணக்கில்தான் விற்கிறார்கள். அதாவது, நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் படத்தின் சுற்றளவுக்கு. ஒரு A4 படத்துக்குச் சுற்றளவு சுமார் 40 அங்குலம். நாலு A4 படம் மாட்டினால் 160 அங்குலம், அதாவது 13 அடிக்கு மேல் பீடிங் வேண்டும். அந்த நாலு தாளையும் சேர்த்து வைத்தால் வரும் அளவுதான் A2. அதன் சுற்றளவு 80 அங்குலம், ஏழு அடிகூட இல்லை. சுவரில் அடைக்கும் இடம் அதேதான், பீடிங் பாதி, மூலை வெட்டும் கூலி கால்வாசி, ஆணி நாலுக்குப் பதில் ஒன்று அல்லது இரண்டு. கண்ணுக்கும் அதுதான் நல்லது. பதினோரு அடி அகலச் சுவரில் ஒற்றை A4 பிரேம் தபால்தலை ஒட்டியதுபோலத்தான் தெரியும்.

பிரேமே வேண்டாம் என்றால் இன்னும் மலிவு. நம் ஊரில் பெரிய அளவில், நல்ல நிறத்தில், குறைந்த விலையில் கிடைப்பது துணியும் பாயும். இதைச் சொன்னால் பலர் முகம் கொஞ்சம் வாடுகிறது, தரையில் விரிப்பதைச் சுவரிலா என்று. பவானி ஜமுக்காளத்தின் பட்டைகளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, அதையடுத்து நீலம் என்று முரட்டு நூலில் தைரியமாகப் போட்டிருப்பார்கள். அந்தத் தைரியம் எந்த அச்சடித்த கான்வாஸிலும் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் கோரையைச் சன்னமாகக் கிழித்து நெய்கிற பாயும் அப்படித்தான். கல்யாணத்துக்கு மணமக்கள் பெயரை நெய்தே வாங்குவார்கள். 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் வீட்டு லாஃப்டில் அப்படி ஒரு கல்யாணப் பாய் சுருட்டிக் கிடந்தால், வேறெதுவும் தேட வேண்டாம். கோ-ஆப்டெக்ஸில் தீபாவளித் தள்ளுபடி வரும்போது படுக்கை விரிப்புகளையும் ஒரு பார்வை பாருங்கள்.

பழைய பட்டுச்சேலை இருந்தால் அதன் முந்தானை. சேலையின் அகலம் சுமார் நாலு அடி, முந்தானை ஒரு கஜம் அளவுக்கு வரும். சோபாவுக்கு மேலே மாட்ட அது கச்சிதமான அளவு. ஆனால் அப்படியே ஆணியில் மாட்டிவிடாதீர்கள். ஜரிகையின் கனம் பட்டு இழையைக் கீழே இழுக்கும், பழைய பட்டு மடிப்பு விழுந்த இடத்தில் கிழிந்துவிடும். கொஞ்சம் பொறுமையாக இப்படிச் செய்யுங்கள். முந்தானையைவிட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக ஒரு காடாத்துணி வாங்கி, நனைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். சேலையை அதன்மேல் பரப்பி, ஓரத்தைச் சுற்றி மட்டும் தைக்காமல், நடுவிலும் ஒரு சாண் இடைவெளியில் மேலிருந்து கீழாக ஓட்டுத்தையல் போடுங்கள். நூல் சேலையின் நிறத்திலேயே இருந்தால் தையல் தெரியாது. இப்போது கனத்தைத் தாங்குவது காடாத்துணி, பட்டு அதன்மேல் சும்மா படுத்திருக்கிறது. காடாவின் மேல் ஓரத்தை மடித்துக் குழாய்போலத் தைத்து, அதற்குள் ஒரு ரீப்பர் கட்டையையோ ஸ்க்ரீன் கம்பியையோ செருகினால் வேலை முடிந்தது. சேலையை வெட்ட மனசு வராவிட்டால் வெட்டவே வேண்டாம், மீதியைப் பின்பக்கம் மடித்துத் தைத்துவிடலாம். கனம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

துணிக்கு எதிரி நேர் வெயில். மேற்கு ஜன்னல் வழியே மதியத்துக்கு மேல் வெயில் விழும் சுவராக இருந்தால், சாயம் ஓரிரு வருஷத்தில் வெளுத்துவிடும்.

படம்தான் வேண்டும் என்றால், காசு கொடுத்துப் படம் வாங்கும் காலம் போய்விட்டது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-ல், காப்புரிமை முடிந்த தன் படங்களில் 3,75,000 பதிவுகளை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ரவிவர்மா 1894-ல் தொடங்கிய அச்சகத்தின் படங்களும் அந்தத் தொகுப்பில் உண்டு. நம் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் காப்புரிமை முடிகிறது. ரவிவர்மா மறைந்தது 1906-ல், ஆகவே தயங்காமல் அச்சிடலாம். கோவில்பட்டியிலிருந்து வரைந்த கொண்டையராஜு 1976 வரை இருந்தார், அவர் படத்துக்கு அந்த 60 ஆண்டு இன்னும் ஆகவில்லை. ஆனால் தாத்தா வீட்டில் அவருடைய அசல் காலண்டர் ஒன்று மிச்சமிருந்தால் அதை அப்படியே பிரேம் போட யாரையும் கேட்க வேண்டியதில்லை. சிவகாசியில் அச்சான அந்த முருகனும் லட்சுமியும் எத்தனையோ வீட்டுச் சுவர்களை நிறைத்தவர்கள். அவர்களைப் பழசு என்று தூக்கிப் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

அச்சிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆறடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 150 புள்ளி போதும். A2 அளவுக்கு அது ஏறக்குறைய 2,500-க்கு 3,500 பிக்சல். வாட்ஸ்அப்பில் வந்த குடும்பப் படம் பல நேரம் இதில் பாதிகூடத் தேறாது, அனுப்பும்போதே அது சுருக்கிவிடுகிறது. எடுத்தவரிடம் கேட்டு டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளைப் படமோ கோட்டோவியமோ என்றால், கட்டட வரைபடம் பிரிண்ட் போடும் கடைக்குப் போங்கள். இன்ஜினியரிங் காலேஜ்கள் பக்கம் இருக்கும். A1 அளவுத் தாளைக்கூட வண்ணப் பிரிண்டைவிட வெகு குறைந்த விலையில் போட்டுத் தருவார்கள். தாள் மெல்லிசு, சென்னை ஈரக்காற்றில் நெளியும். அதனால் சன்போர்டில் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ளெக்ஸில் மட்டும் போடாதீர்கள். விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும், படம் தெரியாது.

இனி சுவருக்கு வருவோம், கைக்காசு போவது இங்கேதான். உள்ளங்கையால் சுவரை நன்றாகத் தேயுங்கள். கையில் மாவு ஒட்டினால் அது டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பு. ஒட்டும் ஸ்ட்ரிப், டபுள் டேப் எதுவும் அதில் நிற்காது, மாவோடு சேர்ந்து உரிந்து விழும். ஒட்டாமல் வழவழப்பாக இருந்தால் எமல்ஷன். அதில் ஸ்ட்ரிப் நிற்கும். ஒட்டும் முன் இடத்தைத் துடைத்துக் காயவிடுங்கள், பாக்கெட்டில் போட்டிருக்கும் எடையில் பாதியை மட்டும் மாட்டுங்கள், எடுக்கும்போது சுவரை ஒட்டியபடி மெதுவாகக் கீழே இழுங்கள். உங்களை நோக்கி இழுத்தால் பெயிண்டும் கூடவே வரும்.

ஆணி அடிப்பதென்றால் சுவர் எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். பழைய செங்கல் சுவரில் ஸ்டீல் ஆணி இறங்கும். புதிய அடுக்குமாடிகளில் மைவான் முறையில் சுவரையே கான்கிரீட்டாக வார்த்திருப்பார்கள், அங்கே ஆணி வளையும், பூச்சு தெறிக்கும். ஹாமர் டிரில் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு, ஓட்டை போட்டு, பிளக் வைத்து ஸ்க்ரூ முடுக்குவதுதான் வழி. லேசான பிளாக் சுவரில் ஆணி சுலபமாக இறங்கும், அதே சுலபத்தில் தளர்ந்தும் போகும். அங்கேயும் பிளக்தான். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் ஓட்டை போடாதீர்கள், வயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். பாத்ரூமை ஒட்டிய சுவரில் குழாய் இருக்கும், ஓதமும் இருக்கும். ஓதம் ஏறி உப்புப் பூக்கிற சுவரில் படமோ துணியோ மாட்டினால் பின்பக்கம் பூஞ்சணம் பிடித்துவிடும். ஒட்டும் வால்பேப்பரால் அதை மூடுவது இன்னும் கெடுதல், உள்ளே இருக்கும் ஈரம் காய வழியில்லாமல் பரவும். அந்தச் சுவரை விட்டுவிட்டு வேறு சுவரைப் பாருங்கள்.

எந்த உயரத்தில் மாட்டுவது? நம் பழைய வீடுகளில் தாத்தா படங்களை உத்தரத்துக்குக் கீழே, முன்பக்கம் சாய்த்துக் கட்டியிருப்பார்கள். உயரமான அந்தக் கூடத்துக்கு அது பொருந்தியது. ஃப்ளாட்டில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலம், அதாவது நாலே முக்கால் அடி உயரத்தில் இருக்கட்டும். சோபாவுக்கு மேலே என்றால் சாய்மானத்திலிருந்து அரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக விட்டால் போதும். செய்தித்தாளை அதே அளவில் ஒட்டுப்போட்டு வெட்டி, டேப்பில் ஒட்டி இரண்டு மூன்று நாள் வைத்துப் பாருங்கள். என் அண்ணன் மகள் அப்படிப் பார்த்துவிட்டு, தான் நினைத்த இடத்திலிருந்து ஒரு சாண் கீழே இறக்கினாள். இப்போது அங்கே ஜமுக்காளம் தொங்குகிறது. 2,000-ல் மிச்சம் வந்ததைப் பெயிண்டுக்கு எடுத்து வைத்திருக்கிறாள்.

பெயிண்ட் அடிக்கலாமா என்று ஹவுஸ் ஓனரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். காலி செய்யும்போது பெயிண்டிங் செலவு என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னையில் சர்வசாதாரணம். எப்படியும் பிடிப்பார் என்றால், ஒரு சுவரில் உங்கள் விருப்பத்துக்கு வண்ணம் அடித்துக்கொள்ளச் சம்மதிப்பார். சம்மதத்தை மெசேஜில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 100 சதுர அடிச் சுவருக்கு இரண்டு கோட் அடிக்க ஒரு லிட்டர் எமல்ஷன் பெரும்பாலும் போதும். கீழிருந்து மூன்றரை அடிக்கு மட்டும் அடர்நிறம் அடித்தால் அதைவிடக் குறைவு. மாஸ்கிங் டேப் ஒட்டியதும், பழைய சுவரின் நிறத்தையே டேப் ஓரத்தில் ஒரு தடவை தடவிக் காயவிட்டு, அப்புறம் புது நிறத்தை அடியுங்கள். டேப்புக்கு அடியில் கசிவதென்றால் பழைய நிறமே கசியும், கோடு நேராக வரும். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும்.

அடித்த ஆணிகளை, வீட்டைக் காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பே பிடுங்கிவிடுங்கள். ஓட்டையில் பட்டி வைத்து அழுத்தி, காய்ந்து சுருங்கியதும் இன்னொரு தடவை வைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்குங்கள். ஓனரிடம் பழைய டப்பாவில் மீதிப் பெயிண்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். கடையில் வாங்கும் வெள்ளை வேறு, நாலு வருஷம் பழுத்த சுவரின் வெள்ளை வேறு.