பூவின் பக்கவாட்டு முகம்

கோடை முடிந்து மழை தொடங்கும் நாட்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரக்கிளைகளில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு பூச்சரம் தொங்கும். போனில் படமெடுத்து "இது என்ன ஆர்க்கிட்?" என்று கேட்டால், ரிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா என்பார் ஒருவர், ஏரிடிஸ் என்பார் இன்னொருவர். முதலாவது அசாமின் மாநில மலர். பிகு ஆட்டத்தில் பெண்கள் கொண்டையில் சூடுவது அதைத்தான். ஏரிடிஸ் ஒரு தனிப் பேரினம். அதிலும் சில இனங்கள் இதே மலைகளில் உண்டு.

இரண்டுக்கும் இலை பட்டையாக, இரு வரிசையில். வேர் தடித்து வெளிறி, மரப்பட்டையைப் பற்றியிருக்கும். நிறத்தை நம்பவே கூடாது: ரிங்கோஸ்டைலிஸில் ஒரு புள்ளிகூட இல்லாத தூய வெள்ளைப் பூக்களும் உண்டு. நேர்முகமாக எடுத்த அழகான படம் இங்கே அவ்வளவாக உதவாது.

கவனிக்க வேண்டியது உதடு. ஆர்க்கிட் பூவின் மூன்று அல்லிதழ்களில் ஒன்று மட்டும் உருமாறி, பூச்சி வந்து அமரும் மேடையாகியிருக்கும். அதையே உதடு என்கிறார்கள். இவ்விரு பேரினங்களிலும் அதன் அடியில் ஒரு பை இருக்கும். பூவைப் பக்கவாட்டில் பாருங்கள். ரிங்கோஸ்டைலிஸில் அந்தப் பை இருபுறமும் நசுங்கினாற்போல் தட்டையாகி, பின்னோக்கி நீண்டிருக்கும். உதடு பிரிவில்லாமல் ஒரே மடலாக இருக்கும். ஏரிடிஸிலோ பை பெரும்பாலும் கொம்புபோல் முன்னோக்கி வளையும்; உதட்டில் மூன்று மடல்கள் தெரியும். சில மில்லிமீட்டர் அளவுள்ள இந்த வளைவுதான் பேரினத்தையே தீர்மானிக்கிறது!

எடுத்த படத்தைத் தலைகீழாகத் திருப்பிவிடாதீர்கள். பெரும்பாலான ஆர்க்கிட்கள் மொட்டு விரியும்போது காம்பை முறுக்கி, உதட்டைக் கீழே கொண்டுவரும். எது மேல், எது கீழ் என்பதும் ஒரு தடயம். பூவருகே ஒரு நாணயத்தைப் பிடித்து ஒரு படம், முழுச் செடிக்கு ஒன்று, இலை நுனிக்கு ஒன்று. பறிக்க வேண்டிய தேவையே இல்லை.

இவ்வளவு பார்த்தும் சில படங்களில் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். முழுப் பெயரையும் அவசரமாக ஒட்டிவிடுவது பெரும்பாலும் செயலிகள்தான்.

படத்தோடு மாவட்டத்தையும் மலையின் உயரத்தையும் சொன்னால் போதும். எந்த வளைவில் எந்த மரம் என்று எழுத வேண்டாம். அகத்தியமலையில் மட்டுமே வளரும் பாஃபியோபெடிலம் ட்ரூரி என்ற ஆர்க்கிட்டை அரிதாக்கியதில், அதைத் தேடிப் போய்ப் பிடுங்கியவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.