விரைவும் பொறுப்பும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் நாம் ரூபாய்க் கணக்கில் மட்டுமே பிழை காண்போம் என்று பலர் எண்ணுகிறார்கள். நேரக் கணக்கிலும் பிழை காணும் சந்தர்ப்பங்கள் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில், காரின் பயணப் பதிவேட்டைப் புரட்டினோம். 62 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊருக்குக் காலை 9.15-க்குப் புறப்பட்டு, 10 மணிக்குள் கூட்டத்திற்குச் சேர்ப்பிக்க வேண்டும் என்று டிரைவருக்கு ஒரு கட்டளை எழுதப்பட்டிருந்தது. கீழே தலைவரின் கையொப்பம். வழியிலோ மூன்று ஊர்களின் கடைத்தெருக்கள்! இது குறித்து வினவினோம். "இன்ஷூரன்ஸ் தவறாமல் கட்டி வருகிறோமே, பயமென்ன?" என்றார் காரியதரிசி.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது என்பதை உறுப்பினர்கள் ஆராய்ந்து பார்த்தல் நலம்.

முதலில் வேகத்தின் இயல்பைக் காண்போம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் சுமார் 11 மீட்டர் ஓடுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் 22 மீட்டர். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருவதைக் கண்டு, காலைப் பிரேக்கின்மேல் வைப்பதற்குள் இவ்வளவு தூரம் கடந்துவிடுகிறது. பிரேக் பிடித்த பின் நிற்பதற்கு வேண்டிய தூரமோ, வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காகிறது.

விபத்து நேர்ந்தபின் எழுவது பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம், மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இதன் முதல் நோக்கம் மோதுண்டவரைக் காப்பது, மோதியவரைக் காப்பதன்று. டிரைவரின் அஜாக்கிரதையால் பிறர் மாண்டாலோ காயமுற்றாலோ, சொந்தக்காரர் தரவேண்டிய நஷ்டஈட்டைக் கம்பெனி தருகிறது. டிரைவருக்கு லைசென்ஸ் இல்லாதது போன்ற நிபந்தனை மீறல் இருந்தாலோ, கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என நீதிமன்றங்கள் பல வழக்குகளில் தீர்ப்பளித்துள்ளன. இரு வண்டிகள் மோதி, நம் டிரைவரின் வேகமும் காரணமென்று தீர்ந்தால், அவர் கோரும் நஷ்டஈடு அந்த அளவுக்குக் குறையும். அவர் பங்கு நூற்றுக்கு நாற்பது என்றால், பத்து லட்சம் ஆறு லட்சமாகிவிடும்.

தம் வேகத்தாலேயே மாண்டவரின் குடும்பத்தின் கதி என்ன? 2014-இல் கர்நாடகத்தில் ஒருவர் ஓட்டிச் சென்ற கார் கட்டுப்பாடிழந்து கவிழ்ந்து, அவர் உயிரிழந்தார். அவருடைய குடும்பத்தார் 80 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கோரினார்கள். மிதமிஞ்சிய வேகமும் அஜாக்கிரதையுமே விபத்துக்குக் காரணம் என்று கண்டு கோரிக்கை தள்ளப்பட்டது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. தம் தவற்றுக்குத் தாமே மூன்றாம் நபராக இயலாதல்லவா?

வண்டியைத் தாமே ஓட்டும் சொந்தக்காரருக்கென 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்துப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அது தனிமனிதர் பெயரிலுள்ள வண்டிக்கே பொருந்தும். சங்கத்தின் பெயரிலுள்ள காருக்கு அது கிடையாது. ஆகவே சங்கத்தின் காரைத் தாமே ஓட்டிச் செல்லும் நிர்வாகிகள், அதில் பயணம் செய்பவர்களுக்குத் தனியே பிரீமியம் செலுத்திப் பாதுகாப்பு எடுத்திருக்கிறதா என்று பாலிசியைப் படித்துப் பார்க்கவேண்டும். கார் சேதத்திற்காகப் பணம் பெற்றாலோ, பல ஆண்டுகள் கோரிக்கையின்றிச் சேர்த்த, நூற்றுக்கு ஐம்பது வரை செல்லும் போனஸ் தள்ளுபடி பறிபோகும்.

இனி அந்தப் பதிவேட்டுக்கு வருவோம். சட்டத்தின் 183-ஆம் பிரிவு, வேக வரம்பை மீறி ஓட்டுபவரை மட்டுமன்றி, தம் ஊழியரை அவ்வாறு ஓட்டச் செய்பவரையும் தண்டிக்கிறது. காருக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. வரம்பை மீறாமல் முடிக்க இயலாத நேரத்துக்குள் பயணத்தை முடிக்கும்படி இடும் கட்டளையே, கட்டளையிட்டவர் குற்றம் செய்தார் என்பதற்கு முதல்நிலைச் சாட்சியமாகும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. தலைவரின் கையொப்பமிட்ட அந்த வரி, ஒரு விபத்து நேர்ந்திருந்தால், நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகவே பேசியிருக்கும்!

இதை நாம் எடுத்துரைத்ததும் தலைவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் பதிவேட்டை வாங்கி, மறு வாரப் பயணத்திற்குப் புறப்படும் நேரத்தை 8.15 எனத் தம் கையாலேயே எழுதினார். அருகில் நின்ற டிரைவரின் முகத்தில் தோன்றிய நிம்மதியை நாம் கண்டோம். இத்தனை நாளும் "முடியாது" என்று சொல்லத் துணியாமல், அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

சங்கத்தின் வண்டி உறுப்பினர்களின் சொத்து. அதை ஓட்டுபவரும் நம்மில் ஒருவர். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் தன் பாலிசியையும் பயணப் பதிவேட்டையும் ஒருங்கே வைத்துப் பரிசீலிக்க வேண்டுமென்பது நமது வேண்டுகோள்.