பட்டப்பெயரோடு ஒரு பள்ளி ஆல்பம்

நியூ ஜெர்சியில் என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். அமெரிக்காவில் இந்தக் கடைசி வருடத்துப் பிள்ளைகளை 'சீனியர்' என்பார்கள். இவர்களை முன்னிறுத்திக் கனமான 'இயர்புக்' (ஆண்டு மலர்) ஒன்று அச்சாகிறது. விலைதான் கசக்கும்.

ஒவ்வொரு மாணவர் படத்தின் கீழும் அவரவர் விரும்பிய ஒரு வாசகம். சில பள்ளிகளில் பட்டப்பெயரும் உண்டு, சேர்ந்திருந்த குழுக்களும் உண்டு. 'மார்ச்சிங் பேண்டு 1, 2, 3, 4' என்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நாலு வருடமும் வாசித்தான் என்று பொருள். வெறும் '1' என்றால் முதல் வருடத்தோடு ஓடிவிட்டான்! மதிப்பெண் பற்றி மூச்சே இல்லை. நம்மூர் அப்பாக்களுக்கு இது பிடிபடாது.

ருசியான பக்கம் 'சூப்பர்லேட்டிவ்ஸ்'. சிரிக்க வைப்பவர் யார், பெரிய ஆளாக வரப்போகிறவர் யார் என்று வகுப்பே ஓட்டுப் போடும். புண்படுத்தும் பட்டங்களைப் பொறுப்பாசிரியர் வெட்டிவிடுவார். என் மகளுக்குக் கிடைத்தது 'எப்போதும் லேட்'. தினமும் காலையில் நான் கத்துவதை வகுப்பே வழிமொழிந்துவிட்டது.

பின்பக்கங்களில் பெற்றோர் காசு கொடுத்து வாழ்த்து போடலாம்; குழந்தைப் படம்தான் வழக்கம். நாங்கள் திருப்பதியில் எடுத்த மொட்டைப் படத்தைக் கொடுத்தோம். இயர்புக்கில் நண்பர்கள் கையெழுத்துப் போடும்போது அந்தப் பக்கத்தில் மட்டும் யாரும் போடக் கூடாதாம்; மகளின் உத்தரவு.