ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா எது?

சர்வரில் லாகின் செய்து "ஜாவா -வெர்ஷன்" என்று அடித்தால் ஒரு எண் வரும். நம்ம அப்ளிகேஷனும் அதே ஜாவாவில்தான் ஓடுது என்று அதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. நான் ஒருமுறை கட்டினேன், ஒரு ராத்திரி முழுசா போச்சு.

2018 ஜூன் கடைசி. கார்டு வழியாகப் பணம் வாங்குபவர்கள் டிஎல்எஸ் 1.0-வைக் கைவிட பிசிஐ விதிகள் வைத்த கெடு ஜூன் 30. அன்று சாயங்காலம் எங்கள் டாம்கேட் அப்ளிகேஷனால் பேமென்ட் கேட்வேயைத் தொடர்புகொள்ள முடியவில்லை. ஹேண்ட்ஷேக்கிலேயே இணைப்பு அறுந்தது. ஜாவா 8 தானாகவே டிஎல்எஸ் 1.2 பேசும். ஜாவா 7-க்கும் 1.2 தெரியும், ஆனால் கிளையன்ட் பக்கம் அதை நாமாகச் சொல்லி இயக்க வேண்டும், இல்லாவிட்டால் 1.0-தான். வெர்ஷனைப் பார்த்தேன். 1.8.0 என்று வந்தது, அதாவது ஜாவா 8. (முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த அந்த 1, 2017-ல் வந்த 9-இல்தான் ஒழிந்தது.) சரி, ஜாவாவில் தப்பில்லை, ஃபயர்வால்தான் என்று நெட்வொர்க்காரர்களை விடிய விடியப் படுத்தி எடுத்தேன்.

அந்தக் கட்டளை செய்வது இவ்வளவுதான்: என் லாகினுக்கான பாத்தில் முதலில் அகப்படும் ஜாவாவைப் புதிதாகக் கிளப்பி, அதன் எண்ணைச் சொல்லிவிட்டு முடிந்துவிடும். ஏற்கெனவே ஓடுகிற டாம்கேட் பக்கமே அது போவதில்லை. டாம்கேட் கிளம்புவது வேறு யூசரில், வேறு செட்டிங்கில். அதற்கு ஜேஆர்இ_ஹோம், ஜாவா_ஹோம் இரண்டையும் கொடுத்திருந்தால் ஜேஆர்இ_ஹோம் சொல்வதுதான் செல்லும். எங்கள் சர்வரில் எவரோ எப்போதோ ஜேஆர்இ_ஹோமை ஜாவா 7-க்குத் திருப்பி வைத்திருந்தார். நான் மாற்றியிருந்தது ஜாவா_ஹோமை மட்டும்!

டாம்கேட்டோடு வரும் வெர்ஷன் ஸ்கிரிப்ட் இந்த செட்டிங்கையெல்லாம் படிக்கும். ஆனால் அதுவும் புதுசா ஒரு ஜாவாவைக் கிளப்பித்தான் பதில் சொல்லும். செட்டிங்கை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் பண்ண மறந்திருந்தால் அங்கேயும் ஏமாறுவோம்.

ஆக, ஓடுகிற ப்ராசஸையேதான் கேட்க வேண்டும். லினக்ஸில் பிஎஸ் கட்டளையால் அதன் பிஐடியை எடுங்கள். ப்ராக் ஃபோல்டருக்குள் அந்த எண்ணிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் 'எக்ஸி' என்ற லிங்க் எந்த ஃபைலைக் காட்டுகிறது என்று பாருங்கள் (ரூட்டாகவோ அதே யூசராகவோ பார்க்க வேண்டும்). பாதையின் கடைசியில் 'டெலீட்டட்' என்று இருந்தால் இன்னொரு சேதியும் உண்டு: டிஸ்கில் ஜாவாவை அப்டேட் செய்துவிட்டார்கள், ப்ராசஸ் இன்னும் பழையதிலேயே ஓடுகிறது. செக்யூரிட்டி பேட்ச் போட்டாச்சு என்று நிம்மதியாக இருக்கும் பல இடங்களில் நிலைமை இதுதான்.

ஜேடிகே இருந்தால் இன்னும் சுலபம். டாம்கேட்டின் யூசராக மாறி, ஜேசிஎம்டி கட்டளைக்கு பிஐடியையும் 'விஎம்.வெர்ஷன்' என்பதையும் கொடுத்தால் அந்த ப்ராசஸே பதில் சொல்லும். எதுவும் கைவசம் இல்லையென்றால் கேட்டலினா லாகில், கடைசியாக ஸ்டார்ட் ஆன இடத்தில், 'ஜேவிஎம் வெர்ஷன்' என்ற வரியைத் தேடுங்கள்.

அன்று காலை ஆறரை மணிக்கு அந்த எக்ஸி லிங்க் ஜாவா 7-ஐக் காட்டியது. ஒரு வரி மாற்றம், ஒரு ரீஸ்டார்ட், கேட்வே வேலை செய்தது. நெட்வொர்க்காரர்களைச் சமாதானப்படுத்தத்தான் ஒரு வாரம் ஆச்சு.