ஸ்டீராய்டு ஹார்மோன்களும் உறக்கமூட்டும் மருந்துகளும்: விலங்கு நடத்தை ஆய்வுகளில் உறக்க நேரத்தின் பொருள்

உறக்கமூட்டும் மருந்தின் வலிமையை அறிய, மல்லாத்திக் கிடத்தப்பட்ட எலி தானாகப் புரண்டெழ எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கணக்கிடுவது ஆய்வகங்களின் நெடுநாள் வழக்கம். இவ்வுறக்க நேரம் அளப்பதற்கு எளியது, பொருள்கொள்வதற்கு எளியதன்று. ஒரே அளவு ஹெக்சோபார்பிட்டால் பெற்ற பெண் எலி, ஆண் எலியைவிட நீண்ட நேரம் உறங்குகிறது. பெண் எலியின் மூளை மருந்துக்கு எளிதில் வயப்படுகிறது என்று இதனைக் கருதத் தோன்றும். ஆனால் காரணம் பெரும்பாலும் கல்லீரலில் உள்ளது. ஆண் எலியின் கல்லீரல் நொதிகள் இம்மருந்தை விரைந்து சிதைக்கின்றன. விதை நீக்கப்பட்ட ஆண் எலியின் உறக்கம் நீள்வதும், டெஸ்டோஸ்டிரோன் தொடர்ந்து அளிக்கப்பட்டால் மீண்டும் குறைவதும் இதற்குச் சான்றாகும்.

இதனால் ஹார்மோன்களுக்கு மூளையில் நேரடிப் பங்கில்லை என்று ஆகிவிடாது. புரோஜெஸ்டிரோன் போன்ற ஸ்டீராய்டுகள் மிகுதியாகச் செலுத்தப்பட்டால் எலிகள் மயக்கமுறுவதை ஹான்ஸ் செல்யே 1941இல் வெளியிட்டார். அதன் வழிமுறை புலப்பட நாற்பதாண்டுகளுக்கு மேலாயிற்று. புரோஜெஸ்டிரோன் உடலில் அல்லோபிரெக்னனோலோனாக மாறுகிறது. அது காபா-ஏ ஏற்பியில் பிணைந்து, குளோரைடு அயனிகள் நரம்புச் செல்லுக்குள் கூடுதலாக நுழைய வழிசெய்கிறது. செல்லின் கிளர்ச்சி தணிகிறது. இத்தகைய ஸ்டீராய்டுகளின் செயல் பார்பிச்சுரேட்டுகளின் செயலை ஒத்திருப்பதை மஜெவ்ஸ்காவும் உடன் ஆய்ந்தோரும் 1986இல் காட்டினர். பென்சோடயசிபைன்களும் இதே ஏற்பியில்தான் செயற்படுகின்றன. எனினும் பிணையும் இடம் வேறு. ஆதலின் ஸ்டீராய்டு மருந்தை வெளியேற்றுவதில்லை, அதன் விளைவைப் பெருக்குகிறது.

ஹார்மோன் திடீரெனக் குறையும்போது நிலை தலைகீழாகிறது. எலிகளில் புரோஜெஸ்டிரோன் நிறுத்தப்பட்டபின் இவ்வேற்பியின் ஆல்ஃபா-4 துணையலகு மிகுவதையும், வலிப்புக்கு ஆளாகும் தன்மை கூடுவதையும், பென்சோடயசிபைன் பயனற்றுப்போவதையும் ஷெரில் ஸ்மித் குழுவினர் 1998இல் பதிவுசெய்தனர். பெண் எலியின் பருவச் சுழற்சி நான்கைந்து நாள்களே நீடிப்பது. அதன் எந்நாளில் மருந்து செலுத்தப்பட்டது என்று குறிக்காத ஆய்வின் முடிவை வேறோர் ஆய்வோடு ஒப்பிடுவது அரிது. பெண் விலங்குகளை ஆய்விலிருந்தே விலக்கிய பழைய வழக்கம் இச்சிக்கலை மறைத்ததேயன்றித் தீர்க்கவில்லை.

கல்லீரலின் பங்கையும் மூளையின் பங்கையும் பிரித்தறிய, எலி புரண்டெழும் கணத்தில் மூளையிலுள்ள மருந்தின் செறிவை அளக்க வேண்டும். இருபாலிலும் செறிவு ஒத்திருந்தால், வேறுபாடு மருந்து சிதையும் வேகத்தைச் சார்ந்தது. குறைந்த செறிவிலும் பெண் எலி எழாதிருந்தால், அதன் மூளையே மருந்துக்குக் கூடுதலாக வயப்பட்டுள்ளது.