பில்லோடு வரும் தர்மம் - புண்ணியம் யாருக்கு?

மாதச் சாமான் வாங்கக் கடைக்குப் போகிறோம். பருப்பு, புளி, எண்ணெய் என்று பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டு பில் போடுகிற இடத்தில் வந்து நிற்கிறோம். அங்கே இருக்கும் பெண், "அக்கா, 996 ரூபா ஆச்சு. ஏழைப் பிள்ளைங்க படிப்புக்கு நாலு ரூபா சேத்து ஆயிரமாப் போட்டுரட்டா?" என்கிறாள். பின்னால் ஆறு பேர். அதில் ஒருவர் நம் தெருக்காரர்! "வேணாம்மா" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

பட்டணத்துப் பெரிய கடைகளில் இருந்த இந்த வழக்கம் இப்போது பொட்டிப்புரத்திலிருந்து சின்னமனூர், தேனி என்று சாமான் வாங்கப் போகும் என் போன்றவர்களையும் எட்டிவிட்டது. கொடுப்பது நாலு ரூபாய்தான். ஆனால் அந்த நாலு ரூபாயால் கடைக்காரருக்கு ஆதாயம் உண்டா, உண்டென்றால் அது நியாயமா என்று யோசிக்கிறோமா?

வியாபாரத்தோடு தர்மத்தைச் சேர்ப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 'மகமை' என்ற சொல்லை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சரக்கு கைமாறும்போது மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை வியாபாரிகள் பொதுவுக்கு எடுத்து வைப்பார்கள். விருதுநகரில் நாடார் உறவின்முறையார் இப்படிச் சேர்த்த மகமையில்தான் 1889-ல் க்ஷத்திரிய வித்யாசாலா எழுந்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்காக வீட்டுப் பெண்களும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துப் போட்டார்கள். அந்தப் பிடி அரிசியில் நடந்த பள்ளியில்தான் காமராஜர் படித்தார். நம் தேனியிலும் மேலப்பேட்டை உறவின்முறையார் நடத்தும் பள்ளியும் கல்லூரியும் இருக்கின்றன.

"மகமையை மட்டும் யாவாரி மடியிலிருந்தா குடுத்தான்? வெலையில ஏத்தி நம்மகிட்டதான வாங்கினான்" என்று என் பெரியத்தை கேட்பார். கேள்வி சரிதான். ஆனாலும் ஒரு வித்தியாசம். மகமை வசூலிப்பவர் பத்துப் பேர் கூடும் இடத்தில் கணக்குச் சொல்லியாக வேண்டும். பணம் எங்கே போயிற்று என்றால், 'அதோ பள்ளிக்கூடம்' என்று கையைக் காட்டலாம். நான் கொடுத்த நாலு ரூபாய்க்கு யார் கையைக் காட்டுவார்கள்?

கடைக்கு என்ன லாபம் என்று கேட்டால், "வரியை மிச்சம் பண்ணத்தான் நம்ம காசை வாங்குறாங்க" என்று பலர் சொல்கிறார்கள். இதில் பாதிதான் விஷயம். நாம் தருவது நம் பணம். கடை அதைச் சுமந்து போய்ச் சேர்க்கும் ஆள் மாதிரி. தன் வருமானத்தில் காட்டாத பணத்தைத் தன் நன்கொடை என்று எழுதிச் சலுகை கேட்டால் அது பொய்க்கணக்கு. வருமானத்தில் காட்டிவிட்டுப் பிறகு கழித்தாலோ பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. உண்மையில் சலுகையை இழப்பது நாம்தான். வருமான வரியில் 80ஜி கழிவு வேண்டுமென்றால் தர்ம ஸ்தாபனம் கொடுக்கும் ரசீது நம் பெயரில் இருக்க வேண்டும். கடை பில் அதற்கு உதவாது. (புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது.)

அப்படியானால் லாபம் எங்கே? பேரில்தான்! ஊரார் நாலும் அஞ்சுமாகக் கொடுத்ததைச் சேர்த்து, பெரிய காசோலையாக எழுதி, மேடை போட்டு, முதலாளி போட்டோ எடுத்துக்கொள்கிறார். 'தர்மவான் கடை' என்று ஜனங்கள் நாலு பேர் கூட வருவார்கள். இதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியது அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனி. 1983-ல் சுதந்திர தேவி சிலையைப் பழுது பார்க்க, தங்கள் கார்டை உபயோகிக்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சென்ட் தருவதாக விளம்பரம் செய்தார்கள். சிலைக்கு 17 லட்சம் டாலர் போயிற்று. கார்டு உபயோகமோ கால் பங்குக்கு மேல் கூடியது. விளம்பரத்துக்கு அவர்கள் செலவழித்தது சிலைக்குக் கொடுத்ததைவிட அதிகம்!

ஆனால் அது கம்பெனியின் சொந்தக் காசு. நம் பிள்ளைகளின் கிளாஸ்மேட் நோட்டுகளில், நாலு நோட்டுக்கு ஒரு ரூபாய் சமூகப் பணிக்கு என்று போட்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் அந்த ரகம்தான். விலை கொடுத்து நோட்டு வாங்குகிறோம், தர்மம் அவர்கள் லாபத்திலிருந்து. அதில் பேர் வாங்கிக்கொண்டால் எனக்கு வருத்தமில்லை. என் காசில் அவர்கள் பேர் வாங்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

இதைவிட மோசம் கேட்காமலே சேர்ப்பது. புக்மைஷோவில் சினிமா டிக்கெட் எடுத்தால், தர்ம காரியத்துக்கென்று டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய் தானாகவே சேர்ந்து நின்றது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்ட பிறகுதான், விரும்பினால் கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். 2023 நவம்பர் 30-ல் வந்த மத்திய அரசின் விதிகளில், இணைய வியாபாரத்தில் வாங்குபவர் சம்மதமில்லாமல் நன்கொடையைத் தொகையோடு சேர்ப்பது கூடாத செயல் என்றே எழுதியிருக்கிறது. போனில் சாமான் வரவழைக்கும் சகோதரிகள், பணம் கட்டுமுன் கடைசி வரிகளை ஒரு முறை படியுங்கள். சின்ன எழுத்தில் ஒரு டிக் ஏற்கெனவே விழுந்திருக்கலாம்.

தேனியில் ஒரு கடையில் என் பில்லிலும் அஞ்சு ரூபாய் கேட்காமல் ஏறியிருந்தது. "எந்த ஆசிரமத்துக்குத் தம்பி?" என்றேன். "ஹெட் ஆபீஸுக்குத்தான் தெரியும்க்கா" என்றார் அந்தப் பையன். பாவம், அவரை என்ன சொல்ல? ஒரு நாளைக்கு இத்தனை பேரிடம் வாங்க வேண்டும் என்று மேலிருந்து அவருக்குச் சொல்லியிருப்பார்களோ என்னவோ. மேனேஜரிடம் போய், வேண்டாமென்று சொன்னதும் புது பில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது.

என் அபிப்பிராயம் இதுதான். கடைக்காரர் நம்மிடம் கேட்கலாம்; தப்பில்லை. புயல், வெள்ளம் என்று வந்தபோது கடை உண்டியல் எத்தனையோ குடும்பங்களுக்கு உதவியிருக்கிறது. ஆனால் வாங்கும் ஒவ்வொரு காசும் செலவு, கமிஷன் என்று குறையாமல் போய்ச் சேர வேண்டும். எவ்வளவு சேர்ந்தது, யாருக்குப் போனது என்று கடை வாசலிலேயே எழுதிப் போட வேண்டும். பேர் வேண்டுமென்றால் நாம் போட்ட அளவுக்குத் தானும் போடட்டும். பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று 2014 முதல் சட்டமே இருக்கிறது. நாம் தரும் சில்லறை அந்தக் கடமைக்கு ஈடாகாது.

அடுத்த முறை கேட்டால் கூச்சப்படாமல், "எந்த ஸ்தாபனத்துக்கும்மா? பில்லுல அந்தப் பேரு வருமா?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் மனசாரக் கொடுங்கள். கேட்காமல் சேர்த்து, திருப்பித் தரவும் மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்குப் போன் செய்யலாம். பிள்ளைகள் படிப்புக்குத்தான் கொடுக்க ஆசை என்றால், அரசுப் பள்ளிகளுக்கு நேரே உதவ 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியிருக்கிறது. உங்கள் ஊர்த் தலைமையாசிரியரிடம் ஒரு நடை போய் விசாரித்தால், பள்ளிக்கு இப்போது என்ன தேவை என்று அவரே சொல்வார்.